மேசைக்கடலில் தொலைந்த நீர்மூழ்கி

நான் வேலைக்குப் போகிற பங்களாவில் ஒரு கடல் இருக்கிறது. மலை மேல், கொட்டச்சேடு போகிற ரோட்டில், காப்பி எஸ்டேட்டுக்கு நடுவில் நிற்கிற ஊட்டுக்குள் கடல் எப்படி வந்தது என்று கேட்டால், மேசை மேல் வந்தது என்றுதான் சொல்லுவேன்.

அந்த மேசை எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்குகிற மேசை. அதன் முன்னால் உட்கார்ந்து நானும் கறுப்புக் கொட்டையைத் தள்ளியிருக்கிறேன். எஸ்டேட்டுக்காரர்கள் வேண்டாமென்று போட்டதை ஐயா வாங்கிவந்து, ஹாலில் சன்னலை ஒட்டிப் போட்டு, மேலே நீலப் பெயிண்ட் அடித்தார். ஓரத்தில் பழுப்பாகக் கரைகள். நடுநடுவே தீவுகள். ஆழமான இடத்துக்குக் கருநீலம், ஆழமில்லாத இடத்துக்கு வெளிர்நீலம். பெயிண்ட் காய்ந்த பிறகும் நொம்ப நாளைக்கு அந்தக் கருநீலத்தைத் தொட்டால் விரல் ஈரமாக இருக்கிற மாதிரியே எனக்குத் தோன்றும்.

ஐயா கப்பற்படையில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். சம்சாரம் தவறிவிட்டது. கடலோரமாக ஒரு ஊடு வாங்காமல் மலைக்கு ஏன் வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அதைப் பாத்துக்கிட்டே இருந்தா தூக்கம் வரலம்மா" என்றார்.

பார்க்கக்கூடாது என்று வந்தவர்தான் வந்த மாசமே அதை ஊட்டுக்குள் வரைந்துகொண்டார். என் வேலை சமைப்பது, ஊட்டைப் பார்த்துக்கொள்வது, மேசைக்கடலில் ஐயா நிறுத்திவைத்த பொம்மைக் கப்பல்களைத் துடைப்பது. நான் துடைத்தால் ஒரு கப்பல் ஒரு நூல் நகராது. வேறு யார் கையையும் அந்த மேசை மேல் ஐயா விட்டதில்லை.

கப்பலெல்லாம் மரத்தில் செதுக்கினது. நீலக் கப்பல் ஐயாவுடையது, சிவப்புக் கப்பல் எதிரி நாட்டுடையது. எதிரி நாடு சனிக்கிழமை சனிக்கிழமை மஞ்சக்குட்டையிலிருந்து ஷேர் ஜீப்பில் வந்து இறங்கும். அவரும் ஐயாவோடு கப்பற்படையில் இருந்தவர்தான். குட்டையான ஆள், வாயாடி. கதவைத் திறந்ததும் என்னிடம்தான் கேட்பார்.

"ஏனுங்கம்மா, இன்னைக்கு உங்க ஐயா எந்தக் கடலத் தொலைக்கப் போறாரு?"

"நீங்க காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்பறப்பத் தெரியுமுங்க" என்பேன்.

மேசை மேல் கப்பலைத் தள்ளி இரண்டு பேரும் ஆடுகிற சண்டை ஆட்டத்தில் பாதி நேரம் பேச்சுதான். யாருக்குப் பலம் அதிகம், அதை எப்படி அளப்பது என்பதில்தான் சண்டை. சிவப்புக்காரர் எண்ணுவார். "என்கிட்டக் கப்பல் கூட இருக்குடா, பாத்துக்கோ" என்பார். ஐயாவுக்கு எண்ணுவது பிடிக்காது.

"எண்ணிக்கை என்னடா எண்ணிக்கை! மூணு கப்பல் வெச்சிருந்தா ஒண்ணுதான் கடல்ல நிக்கும். ஒண்ணு பழுதுக்குப் போயிருக்கும். இன்னொண்ணுல ஆளுங்களப் பழக்கிக்கிட்டு இருப்பே."

"எங்க எஸ்டேட்டும் அப்படித்தாங்க" என்று நான் டம்ளரை வைத்துக்கொண்டே சொன்னேன். "ரைட்டரு நோட்டுல பேரு நெறைய இருக்கும். காட்டுல போயிப் பாத்தா ஆளு இருக்காதுங்க."

சிவப்புக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டியாடா? உன் கப்பல்படைய எஸ்டேட்டு ரைட்டருகிட்டக் குடு. சரியாக் கணக்குச் சொல்லுவான்."

கப்பல் எத்தனை என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதுதான் பெரிது என்பார் ஐயா. இரண்டு கரைக்கு நடுவில் குறுகலான ஒரு வழியை எனக்குக் காட்டினார். "இது நம்ம மலை ரோட்டுக் கொண்டை ஊசி வளைவு மாதிரி. ஒரு லாரி குறுக்க நின்னாப் போதும். மேல இருக்கிற அத்தனை பேருக்கும் அரிசி இல்ல, கேஸ் இல்ல. அந்த லாரி அங்க வந்து நிக்கும்கிற பயம் இருந்தாலே பாதி ஜனம் வண்டியக் கெளப்பாது." அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

எல்லாக் கப்பலும் மேசை மேல் இருக்கும், ஒன்றைத் தவிர. அது ஐயாவின் நீர்மூழ்கி. காய்ந்துபோன காப்பிப்பழம் இரண்டை ஒட்டவைத்த அளவில் கறுப்பாக ஒரு கட்டை. அதை மேசையில் வைக்க மாட்டார். சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கடலில் அது எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் அவர் மனசுக்குள்ளேதான். எழுதி வைக்கிறதும் கிடையாது. எழுதச் சொன்னால் நம்பவில்லை என்று ஆகிவிடும், அது மரியாதை இல்லை என்று இரண்டு பேரும் பேசிவைத்திருந்தார்கள். சிவப்புக் கப்பல் அதன் தலைக்கு மேல் வந்தால் ஐயாவே வாயால் சொல்லுவார். அந்தக் கப்பலைச் சிவப்புக்காரரே சாய்த்து வைப்பார். சாய்ந்த கப்பல் செத்த கப்பல்.

"நீர்மூழ்கி எங்க இருக்குன்னு தெரிஞ்சா அது ஒரு கப்பல்" என்பார் ஐயா. "தெரியலேன்னா பத்துக் கப்பல்."

அந்தப் பேச்சை மட்டும் நான் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை. ஏனென்றால் என் கடைசிப் பையன் நிஜமான நீர்மூழ்கியில் இருக்கிறான்.

இதை ஐயாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். கேட்டதும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "அவன் எதுல இருக்கான்னு வேற யாருகிட்டயும் சொல்லாதம்மா. எங்கிட்ட வர்ற அந்தக் குட்டையன்கிட்டக்கூடச் சொல்லாதே" என்றார். நான் சொல்லவில்லை. நாங்கள் குடியிருக்கிற எஸ்டேட் லைன் ஊட்டில் யாராவது கேட்டால் கப்பலில் வேலை என்பேன். "கப்பல்ல சமையலா அக்கா?" என்று இழுப்பார்கள். என் பையனைப் பற்றிப் பெருமை பேச எனக்கும் ஆசைதான். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மழைக்காலம் தொடங்குகிறபோது போன் செய்தான். கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது என்றான்.

"எங்க போறே கண்ணு?"

"அது எனக்கே சொல்ல மாட்டாங்கம்மா."

போனை வைத்த பிறகு எனக்கு ஒரே யோசனை. மலை உச்சியில் சேர்வராயன் இருக்கிறார். கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் பார்ப்பார், சேலம் தாண்டியும் பார்ப்பார். தண்ணிக்கு அடியில் கிடக்கிறவனை எந்தச் சாமி பார்க்கும்? அப்படி யோசித்துக்கொண்டே ஐயாவின் சட்டையைத் துவைக்கப் போட்டபோது, பையிலிருந்து அந்தக் கறுப்புக் கட்டை என் உள்ளங்கையில் விழுந்தது. மழைக்குளிரில் எல்லாம் சில்லென்று இருக்கிற நேரத்தில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஐயா உடம்புச் சூடுதான். தெரியும். தெரிந்தும் அதைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் ஜனத்தில் ஒருத்தருக்காக வேண்டிக்கொண்டால் மஞ்சள் நனைத்த துணியில் காசு முடிந்து வைப்போம். வேண்டினது நடந்த பிறகுதான் முடிச்சை அவிழ்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் அவிழ்த்தால் ஆகாது. நான் அந்தத் துணியில் காசோடு அந்தக் கட்டையையும் சேர்த்து முடிந்துவிட்டேன். சமையல்கட்டில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். பிறகு போய் ஐயாவிடம் சொன்னேன்.

"ஐயா, உங்க நீர்மூழ்கிய முடிஞ்சு வெச்சுட்டனுங்க."

"முடிஞ்சுன்னா?"

"சேர்வராயனுக்குங்க. பையன் வந்து சேர்ற வரைக்கும் அவுக்கக் கூடாதுங்க."

அவர் கை வெறும் பையைத் தடவியது. "அது என் கப்பல்மா."

"கப்பல் உங்களுதுங்க. உள்ள இருக்கிறவன் என்னுது."

சிரித்துவிட்டார். "சரி, இருக்கட்டும். அது எங்க இருக்குங்கறது என் தலைக்குள்ள இருக்கு. கட்டை எந்த ஆணியில தொங்கினா என்ன."

அந்த வருசம் மேகம் எங்கள் மலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. காலையில் இறங்கினால் அடுத்த நாள் வரைக்கும் கிடக்கும். சில்வர் ஓக் மரமெல்லாம் பாதியோடு காணாமல் போய்விடும். சன்னல் திறந்திருந்தால் உள்ளே வந்து தரையில் தவழ்ந்து மேசைக் காலைப் பிடித்து ஏறும். டி.வி.யில் நம்ம நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் கடலில் மனஸ்தாபம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நம்மிடம் இத்தனை கப்பல், அவர்களிடம் அத்தனை கப்பல் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தில் நீர்மூழ்கி வந்தால் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பேன். என் பையனிடமிருந்து போன் இல்லை. வழக்கமாகப் பேசாமல் இருக்கிற நாளெல்லாம் தாண்டிப் போய்விட்டது.

அப்படி ஒரு சனிக்கிழமை சிவப்புக்காரர் வந்தார். அவருடைய ஆகப் பெரிய கப்பல், விமானம் ஏற்றுகிற கப்பல், அதைக் குறுகலான வழியின் வாசலுக்கு விரலால் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"சொல்லுடா, உன் நீர்மூழ்கி அடியில இருக்கா? இருந்தா என் பெரியப்பன் காலி."

ஐயாவின் கை சட்டைப் பைக்குள் போனது. அங்கே ஒன்றும் இல்லை. போன கை திரும்பி வரவில்லை.

"என்னடா, செலையாட்டம் நிக்கறே?"

"பொறு" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்கு வந்தார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, எங்க விட்டேன் நான்?"

"எதைங்க?"

ஆணியில் தொங்குகிற மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். "காலையில இருந்து தேடறேன். தலைக்குள்ள எல்லாக் கடலும் இருக்கு. அது மட்டும் இல்ல. பாக்கெட்ல இருந்தா விரலு தடவிக்கிட்டே இருக்கும். எந்த எடம்னு விரலுக்குத் தெரியும்."

கையிலிருந்த கரண்டியை நான் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. விளையாட்டுக் கட்டைதானே என்று ஒருத்தரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் என் பையன் பேர் சொல்லி நான் முடிந்து வைத்தது அது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் என் எதிரில் நின்றுகொண்டு எங்கே என்று என்னையே கேட்கிறார்.

ஐயா திரும்பிப் போய் எதிரியிடம் சொன்னார்: "சொல்ல மாட்டேன். தைரியம் இருந்தா உள்ள வா."

சிவப்புக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். குறுகலான வழியைப் பார்த்தார். நீலத் தண்ணி சும்மாதான் கிடந்தது. தாடையைச் சொறிந்தார். கடைசியில் பெரிய கப்பலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதற்குத் துணை வந்த சின்னக் கப்பல்களையும் இழுத்துக்கொண்டார். "ஒண்ணுமே இல்லாத தண்ணியப் பாத்து ஓடறேன், பாத்துக்கோ! நீ கெட்டிக்காரன்டா" என்று சொல்லிவிட்டு, மேகத்தில் ரோடு மறைவதற்குள் ஜீப்பைப் பிடிக்கக் கிளம்பினார்.

அவர் போன பிறகு ஐயா மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"செயிச்சுட்டீங்க" என்றேன்.

"ம்."

"எங்க இருக்குன்னு தெரியாமயேங்களா?"

"தெரியாததாலதாம்மா."

கேட்கக்கூடாது என்று இருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, நெசத்துலயும் அது எங்க இருக்குங்கறது ஒருத்தர் தலைக்குள்ளதான் இருக்குங்களா?"

"சேச்சே. நாலு பேருக்குத் தெரியும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தெரியும்னு நெனைக்கறேன்" என்றார்.

எதிரிக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்து வைத்தால்தான் நாட்டுக்குப் பலம். சரி. அப்போது பெற்றவளை எந்தப் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள்? எனக்கும்தானே தெரியக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். எதிரி நாட்டுக்காரி மாதிரி நானும் வெறும் தண்ணியைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்தேன்.

அந்த வாரம் முழுக்க ஐயா தேடினார். ஒவ்வொரு தீவாக விரலை வைத்து, இங்கே திரும்பினேனா, இங்கே நின்றேனா என்று முணுமுணுப்பார். சில சமயம் தேடுகிறதையே மறந்து சோறு கேட்பார். ஒருநாள் மத்தியானம் கரண்ட் இல்லை. மழை விட்டிருந்தது, மேகம் மட்டும் நின்றது. நான் ஹாலுக்கு வந்தபோது ஐயா மேசை மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தார். மயக்கமோ என்று ஓடினேன். கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"தண்ணிக்கடியில இருக்கறதக் கண்ணால தேடக் கூடாதும்மா. காதால தேடணும்."

அவர் சொன்னாரே என்று நானும் எதிர்ப்பக்கம் குனிந்து காதை வைத்தேன். மேகம் மேசை விளிம்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஈரம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மரத்துக்குள்ளே, ஆழத்தில், யாரோ தட்டினார்கள்.

பூச்சியாக இருக்கும் என்று சொல்லுவீர்கள். மரத்தைத் துளைக்கிற பூச்சியும் தெரியும், காப்பிச்செடித் தண்டைத் துளைக்கிற புழுவும் எனக்குத் தெரியும். அது விடாமல் அரித்துக்கொண்டே இருக்கும். இது தட்டும், நிற்கும். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி நிற்கும். நான் நகத்தால் மேசையில் மெதுவாகத் தட்டினேன். உள்ளே சத்தம் நின்றுபோனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அப்புறம் என் காதுக்கு நேர் கீழே, நொம்பப் பக்கத்தில், ஒரே ஒரு தட்டு.

"இங்கதாங்க இருக்குது" என்றேன். நான் விரல் வைத்தது கருநீலம் அடித்த இடம்.

ஐயா நிமிர்ந்து பார்த்தார். "அங்க ஆழம் ஜாஸ்தி."

"மேல கொண்டாங்க."

"கொண்டுவந்தா அவன் கண்ணுல படும். பட்டா அடிப்பான். மேல வந்த நீர்மூழ்கியால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஓடவும் முடியாது."

"அடியிலயே கெடந்தா?"

நான் சமையல்கட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே கொண்டுவந்தேன். விரல் வைத்த இடத்தில் வைத்தேன். ஐயா எழுந்து விறைப்பாக நின்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். இத்தனை வருசத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் எவ்வளவு அடியில் இருப்பவனும் மேலே வருவான் என்று தோன்றியது.

மறு சனிக்கிழமை சிவப்புக்காரர் ஈரக்குடையை மடக்கிக்கொண்டே மேசைக்கு வந்தார்.

"இதென்னடா நடுக்கடல்ல மஞ்சத்துணி? பூசை போட்டியா?"

"நீர்மூழ்கி. மேல வந்திருக்கு" என்றார் ஐயா. மறைக்க அவருக்குத் தெரியாது.

"அட! தானா வந்து மாட்டுதா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சிவப்புக் கப்பலை இரண்டு விரலால் எடுத்து, முடிச்சை உரசுகிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார். "முடிஞ்சது கதை. சாய்ச்சு வை."

ஐயாவின் கை எழுந்தது. ஆட்டத்தில் அவர் ஒருநாளும் பொய் செய்தவரில்லை. நான் காப்பித் தட்டை அப்படியே நாற்காலி மேல் வைத்துவிட்டு வந்து முடிச்சின் மேல் என் உள்ளங்கையைக் கவிழ்த்தேன்.

"சாய்க்காதீங்க."

"ஏனுங்கம்மா, இது ஆட்டமுங்க" என்றார் சிவப்புக்காரர்.

"உங்களுக்கு ஆட்டமுங்க. இதுக்குள்ள எங்க பையன் இருக்கான். நெசமான நீர்மூழ்கியில இருக்கான். போன் வந்து எத்தன நாளாச்சுன்னு எண்ணறதயே உட்டுட்டேன்."

சொல்லக்கூடாது என்றிருந்ததைச் சொல்லிவிட்டேன். கெஞ்சிச் சொல்லவில்லை. சிவப்புக்காரர் ஐயாவைப் பார்த்தார். ஐயா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாயாடி மனுசன் நேராகப் போய்ச் சன்னல் கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டார்.

மேகம் உள்ளே வந்தது. பால் பொங்கி விளிம்புக்கு வருகிற மாதிரி வந்து மேசையை மூடியது. முதலில் சின்னக் கப்பல்கள் போயின, பிறகு தீவுகள் போயின, பெரிய கப்பலின் உச்சி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் என் மணிக்கட்டுக்குக் கீழே கையே இல்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார் சிவப்புக்காரர். "உனக்கு ஏதாவது தெரியுதாடா?"

"இல்ல."

"அப்ப அடிக்க முடியாது. மேகம் கலையட்டும்."

மூன்று பேரும் நின்றோம். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்த வாசனை மட்டும் வந்தது. கீழே தண்ணி அசைகிற மாதிரி ஒரு சத்தம். இறவாரத்துத் தண்ணியாக இருக்கலாம்.

மேகம் விலகினபோது கப்பலெல்லாம் நின்ற இடத்தில் நனைந்து நின்றன. மஞ்சள் முடிச்சு மட்டும் நான் வைத்த இடத்தில் இல்லை. சாண் தூரத்துக்கு மேல் நகர்ந்து, கருநீலத்தைத் தாண்டி, கரைக்குப் பக்கத்தில் வெளிர்நீலத்தில் இருந்தது.

"நீ நகத்தினியாடா?" என்றார் ஐயா.

"நான் ஏண்டா எதிரிக் கப்பல நகத்தறேன்?" என்றார் சிவப்புக்காரர். அவர் குரலில் விளையாட்டு இல்லை. குடையை எடுத்துக்கொண்டு, ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, ஜீப் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்.

யார் நகர்த்தினார்கள் என்று அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. ஐயாவைக் கேட்டுப் பயனில்லை. அவர் அந்தச் சாயந்திரமே, இந்தத் துணி ஏன் மேசை மேல் கிடக்கிறது என்று என்னைக் கேட்டார்.

சில நாள் கழித்து, காலை வேலைக்காக நான் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மேகத்துக்குள் பஸ் ஹாரன் மட்டும் எங்கேயோ கேட்டது. மடியில் போன் அடித்தது. எடுத்தால் மூச்சு வாங்குகிற சத்தம், காற்று, பின்னால் யார் யாரோ சிரிக்கிறார்கள்.

"அம்மா."

எங்கே இருந்தாய், எங்கே இருக்கிறாய் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ரோட்டோரக் கல்லைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தேன்.

"சொல்லு சாமி."

"வெயிலு கண்ணக் குத்துதும்மா. தொறக்கவே முடியல."

இங்கே வெயிலைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவன் சொன்னதும் என் கண்ணும் கூசி மூடிக்கொண்டது.

"அப்ப நெழல்ல நில்லு கண்ணு. மெதுவாத் தொற. நான் லைன்லயே இருக்கேன்."